பேபி அக்காவின் காது செல்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கிறது என்று மேற்குத் தாம்பரத்தில் பலர் சொல்வார்கள். சொல்லட்டும். கடைக்கு வந்து, "மேடம், ஒரு செல் குடுங்க, சின்னதா, ரவுண்டா இருக்கும்" என்று கேட்கிறவரிடம் வேறு எப்படித்தான் பேசுவது? உலகத்தில் சின்னதாக, ரவுண்டாக இருக்கிற செல் எத்தனை வகை தெரியுமா? கைக்கடிகாரத்துக்கு ஒன்று, கால்குலேட்டருக்கு ஒன்று, கார் சாவிக்கு ஒன்று, திறந்தால் பாட்டுப் பாடும் பிறந்தநாள் அட்டைக்கு ஒன்று. பழைய செல்லைக் கழற்றிக்கொண்டு வாருங்கள், முடியாவிட்டால் பொருளையே கொண்டு வாருங்கள் என்று வாசலில் பலகை எழுதி வைத்திருக்கிறேன். அதை நின்று படித்துவிட்டு உள்ளே வந்து, "சின்னதா, ரவுண்டா" என்பார்கள்.

என் பெயர் மாஹிரா. சண்முகம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் கடை. கடைக்கும் என் பெயர்தான். கல்யாணமான புதிதில் என் கணவர் யாசீன் ஆசையாக வைத்தது. அவர் வாட்ச் ரிப்பேர் பார்ப்பார். செல், பேட்டரி எல்லாம் என் பொறுப்பு. பொருளைக் காட்டினால் போதும், மூடியைத் திறக்காமலே உள்ளே என்ன செல் என்று சொல்லிவிடுவேன். கடை திறந்த முதல் எட்டு வருஷத்தில் ஒரு செல்கூட வேலை செய்யவில்லை என்று திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் பொய்யாகிவிடும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க வந்தவர் பேபி அக்கா.

சுனாமி வந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். ஒரு நாள் மத்தியானம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் கடைக்குள் வந்து, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து காது மெஷின் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிற வகை. திறந்து பார்த்தேன். உள்ளே கால்குலேட்டர் செல் உட்கார்ந்திருந்தது.

"இத யாரு போட்டது?" என்றேன்.

"சோயிங்கநல்லூர்ல ஒருத்தன். அளவு கரெக்டா கீதுன்னு போட்டு குட்தான். வூடு போயி சேர்றதுக்குள்ள பூட்ச்சு."

அளவு சரியாகத்தான் இருக்கும். அதுதான் அதில் உள்ள வம்பே. கால்குலேட்டர் செல்லும் காது மெஷினுக்கான பெரிய செல்லும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே வேறு சரக்கு. காது மெஷின் செல்லில் நுண்ணிய ஓட்டைகள் உண்டு. அவற்றை மூடி ஒரு நீல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நம்பர் 675. ஆறு செல் கொண்ட ஒரு அட்டையை எடுத்து, ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டதும் அவர் முகம் தெருப் பக்கம் திரும்பியது. ஒரு ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

போகும்போது தன்னைப் பற்றிச் சொன்னார். பனையூர்ப் பக்கம் ஒரு குப்பம். படகு கரைக்கு வந்ததும் மீனைக் கூடை கூடையாக மணலில் இறக்குவார்கள். வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். நடுவில் நின்று விலையை ஏற்றிக் கூவி, எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் குரல் எவ்வளவு கேட்டது என்று பிடித்து, அதிகம் கேட்டவருக்குக் கூடையைத் தள்ளுவது அவர் வேலை. பதினெட்டு வருஷமாக அந்தக் கரையில் ஏலம் விடுவது அவர்தான். அவர் சொன்ன விதத்தில் ஒரு மாவட்டக் கலெக்டரின் தோரணை இருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

"ஒரு செல் பத்துப் பன்னண்டு நாள் வரும்க்கா. ஆறு செல் ரெண்டு மாசம்" என்று சொல்லி அனுப்பினேன்.

பதினைந்தாம் நாள் வந்து நின்றார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஏலம் விடுகிற தொண்டை, சந்தின் முனைவரை கேட்டிருக்கும்.

"இன்னா தங்கச்சி, நீ குட்த செல்லு அத்தினியும் டூப்பு."

டூப்பு. என் கடையில். எனக்குத் தலைக்குள் பொறி பறந்தது. அட்டையின் தேதியைக் காட்டினேன். இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அவர் கொண்டுவந்த செல்களை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஐந்தும் செத்துக் கிடந்தன. அதே பெட்டியிலிருந்து வேறொரு அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஆறும் அமர்க்களமாக இருந்தன. மெஷினைப் பார்த்தேன், அதிலும் குறையில்லை. நான் பத்து வார்த்தை பேச, அவர் இருபது வார்த்தை பேச, யாசீன் எழுந்து வந்து புது அட்டை ஒன்றை அவர் கையில் வைத்து அனுப்பினார். இரண்டு நாள் நான் யாசீனோடு பேசவில்லை.

ஒன்பதாம் நாள் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"நேத்து ஏலத்துல நின்னுகினு கீறேன். திடீர்னு கடல் நின்னு பூட்ச்சு தங்கச்சி."

"கடலா?"

"சத்தம். அல சத்தமே இல்ல. அப்பதான் செல்லு பூட்ச்சுன்னு தெரிஞ்சிது. இன்னா செய்யறது? கூவ ஆரமிச்ச கூடைய நடுவுல நிறுத்தக் கூடாது, அது எங்க வயக்கம். வாய பாத்துகினே கூவிட்டேன். பின்னால சம்பந்தம் ஜாஸ்தியா கேட்டிருக்கான். எனக்கு எங்க கேட்டுது? கம்மியா கேட்டவனுக்குத் தள்ளி வுட்டுட்டேன்."

சம்பந்தம் என்பவர் பெரிய வியாபாரி. மீன் அப்பாதுரை என்கிற படகுக்காரருடையது. இரண்டு பேருக்கும் நஷ்டம். விஷயம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போய்விட்டது. செவிட்டுப் பொம்பளையிடம் ஊர் மீனைக் கொடுக்கலாமா என்று சம்பந்தம் கேட்டாராம். ஏலத்தைத் தன் மச்சினன் கையில் கொடுக்கச் சொன்னாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏலத்தை எல்லோரும் பார்ப்பது, ஒரு குரல் தவறினாலும் அக்கா விலகிக்கொள்வது என்று முடிவாகியிருந்தது.

"பதினெட்டு வருசம். ஒரு குரலு தப்பினது இல்ல" என்றார். பிறகு மெதுவாக, "இந்த வேலைய வுட்டா நான் யாரு?" என்று கேட்டார்.

புது அட்டையைக் கொடுத்துவிட்டு, அவர் போனதும் யாசீனிடம் பொரிந்து தள்ளினேன். கம்பெனியைத் திட்டினேன், ஆஸ்பத்திரியைத் திட்டினேன், உப்புக் காற்றைத் திட்டினேன்.

"செல்லும் நல்லாருக்கு, மெஷினும் நல்லாருக்கு" என்றார் அவர், கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமல். "நடுவுல என்ன நடக்குதுன்னு ஒரு தடவ போய்ப் பாரேன். இங்க உக்காந்து கத்தினா செல்லுக்குக் கேக்குமா?"

"ஞாயித்துக்கிழம கடைய யாரு பாக்குறது மச்சான்?"

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

ஞாயிறு விடியற்காலையில் பஜ்ரு தொழுதுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். கைப்பையில் இரண்டு அட்டை செல், மீட்டர். மேடவாக்கத்தில் அந்த நேரத்துக்கே தண்ணீர் லாரிகள் வரிசை கட்டிவிட்டன. ஒருவனைத் திட்டி, ஒருவனிடம் திட்டு வாங்கி, சோழிங்கநல்லூர் தாண்டி, கடற்கரைச் சாலையைப் பிடித்து, வழி கேட்டுக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. படகுகள் இன்னும் கரைக்கு வரவில்லை.

என்னைப் பார்த்ததும் அக்காவுக்கு ஆச்சரியம். டீ போட ஓடினார். "டீ இருக்கட்டும்க்கா. செல்ல எங்க வெச்சிருக்கீங்க, அத காட்டுங்க" என்றேன்.

"பத்தரமாதான் கீது" என்று சொல்லி, வாசற்பக்கம் இருந்த தெர்மகோல் பெட்டியைத் திறந்தார். உள்ளே முக்கால் பெட்டிக்கு உடைத்த ஐஸ். ஐஸுக்குள் கையை விட்டு, முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். பைக்குள் நான் கொடுத்த செல்கள். ஒன்றில்கூட நீல ஸ்டிக்கர் இல்லை. எல்லாம் தண்ணீரில் வேர்த்துப் பளபளத்தன.

ஒரு செல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஸ்டிக்கர் எங்கக்கா?"

"கரைல நிக்கசொல்ல கையெல்லாம் ஈரம், செதிலு. அந்த மசுரு ஸ்டிக்கரு நகத்துக்கே மாட்டல. அதான் வூட்லயே ஒக்காந்து எல்லாத்தயும் பிரிச்சி வெச்சிடுவேன். கெடாம இருக்க ஐஸ்ல வெச்சிட்டேன்." பெட்டியை மூடிவிட்டுப் பெருமையாக வேறு பார்த்தார். "எங்க வூட்ல எந்தப் பொருளும் கெட்டது இல்ல தங்கச்சி."

சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்தும்விட்டேன். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. இந்த மனுஷி செய்ததில் என்ன தப்பு? பிறந்ததிலிருந்து கெடாமல் இருக்க வேண்டியதை ஐஸில் வைத்துப் பழகிய கை. அட்டையின் பின்னால் எறும்பு எறும்பாக இங்கிலீஷில் எழுதியிருப்பதை அவர் எங்கே படிப்பார்? எட்டு வருஷமாக அந்த அட்டையை விற்கிறேன். எந்த செல் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"அக்கா, தப்பு என்னோடது" என்றேன். இந்த வாக்கியத்தை யாசீன் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். "இந்த செல் காத்துல வேல செய்யறது. ஸ்டிக்கர எடுத்தா ஓட்ட வழியா காத்து உள்ள போகும். அந்த நிமிஷத்துலேர்ந்து அதுக்கு ஆயுசு ஓட ஆரம்பிச்சுடும், மெஷின்ல போட்டாலும் போடாட்டியும். திருப்பி ஒட்டினாலும் நிக்காது. அதோட ஐஸ்ல வெச்சு நனைச்சா மூச்சே போயிடும்."

அக்கா பையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்ப இது மீனு இல்ல."

"இல்ல."

"நண்டு" என்றார். "உசுரோட விக்கிற நண்ட எவனாவது ஐஸ்ல வெப்பானா? செத்துப் பூடும். தண்ணிய வுட்டு எட்த்தா அப்பலேர்ந்து அதுக்கு ஆயுசு ஓட ஆரமிச்சிடும். இத மொதல்லயே நண்டுன்னு சொல்றதுதான?"

எட்டு வருஷத்தில் நான் கண்டுபிடிக்காத விளக்கத்தை அவர் எட்டு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். கையில் கொண்டுபோன புது அட்டையைக் கொடுத்தேன். தேவைப்படும்போது ஒன்றை மட்டும் பிரிக்க வேண்டும், பிரித்ததும் ஒரு நிமிஷம் வெளியில் காற்று குடிக்க விட்டு, பிறகுதான் மெஷினில் போட வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காதில் இருப்பதும் ஐஸ் பெட்டியில் இருந்ததுதானே, அதையும் இப்போதே மாற்றிவிடலாம் என்றதும்தான் முரண்டு பிடித்தார்.

"ஓட்ற செல்ல எதுக்குத் தூக்கிப் போடணும்?"

"எப்ப நிக்கும்னு தெரியாதுக்கா."

"நின்னா மாத்திக்கலாம். நல்லா ஓடினு கீறத கடாசறதா? பாவம்."

"ஏலம் நடுவுல நின்னா?"

"படகு வந்துட்ச்சு" என்று எழுந்துவிட்டார். கூந்தலை இழுத்து வலது காதை மறைத்துக் கொண்டை போட்டார். அட்டையைச் சுருக்குப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். மெஷின் இருப்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதை ஒருவர் கண்ணிலும் காட்டியதில்லை. செல் மாற்றுவதென்றால் படகு மறைவுக்குப் போவாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பின்னாலேயே மணலில் செருப்பு புதையப் புதைய நடந்தேன்.

கரையில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். வெள்ளைச் சட்டையில், கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்றவர்தான் சம்பந்தம் என்று கேட்காமலே தெரிந்தது. பக்கத்தில் மச்சினன், மாப்பிள்ளை மாதிரி தலை வாரிக்கொண்டு தயாராக இருந்தான். நான் ஒரு ஃபைபர் படகில் சாய்ந்துகொண்டேன்.

முதலில் நெத்திலி, பிறகு சங்கரா. அன்றைக்குத்தான் அக்கா வேலை செய்வதை நான் பார்த்தேன். இடது பக்கம் ஒருவன் கேட்கும்போதே வலது பக்கத்துக்காரனைக் கண்ணால் கிள்ளிவிடுவார். தயங்குகிறவனைப் பார்த்து, "பொண்டாட்டிய கேட்டுகினு வர்றியா?" என்பார். கூட்டம் சிரிக்கும், அவன் ரோஷத்தில் ஐம்பது ஏற்றுவான். முதுகுக்குப் பின்னால் முனகுகிறவனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பத்துக் கூடைக்கு மேல் போயிருக்கும், ஒரு குரல் தவறவில்லை. இத்தனை சத்தத்தையும் அவர் காதுக்குள் கொண்டுபோவது சட்டைப் பொத்தான் அளவு செல் ஒன்று என்று நினைத்தபோது, எனக்கு என் தொழில்மேலேயே மரியாதை வந்தது.

பிறகு அப்பாதுரை தன் வஞ்சிரக் கூடையை நடுவில் இறக்கினார். விலை மளமளவென்று ஏறியது. "ரெண்டாயிரத்தி நானூறு" என்று அக்கா கூவினார். கூவிவிட்டு நின்றார்.

அவர் பார்வை சட்டென்று சம்பந்தத்தின் வாய்க்குப் போனது. அங்கிருந்து இன்னொருவன் வாய்க்கு. கடல் நின்றுவிட்டது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், அவருக்குக் கேட்காதே. பின் வரிசையில் யாரோ ஏதோ கேட்டார்கள். அவர் திரும்பவில்லை. சம்பந்தத்தின் மச்சினன் ஓர் அடி முன்னால் வந்தான்.

அக்கா கையை உயர்த்தினார்.

"நிறுத்து."

கூவ ஆரம்பித்த கூடை அந்தக் கரையில் நின்றதே இல்லை. ஆளாளுக்கு ஏதோ சொன்னார்கள். அவர் எதையும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. காதை மூடியிருந்த கூந்தலை எடுத்துப் பின்னால் செருகினார். ஐம்பது பேர் பார்க்க மெஷினைக் கழற்றினார். செத்த செல்லைத் தட்டி எடுத்தார். சுருக்குப் பையிலிருந்து புது அட்டையை எடுத்துத் தன் விரல்களைப் பார்த்தார். விரல் முழுக்கச் செதிலும் ஈரமும். நேராகச் சம்பந்தத்திடம் போய் அட்டையை நீட்டினார்.

"செல்லு பூட்ச்சு. உன் கைதான் இங்க காஞ்சி கீது. ஒண்ணே ஒண்ணு எடுத்து, அந்த நீல ஸ்டிக்கரப் பிரி."

சம்பந்தம் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் வாங்கி, நகத்தால் சுரண்டி ஸ்டிக்கரைப் பிரித்து, செல்லை நீட்டினார்.

"குடுக்காத. உள்ளங்கைல வெச்சினு ஒரு நிமிசம் நில்லு. அது மூச்சு வுடணும்."

நின்றார். பெரிய வியாபாரி சம்பந்தம் கையை விரித்துக்கொண்டு, பிரசாதம் வாங்கியவர் மாதிரி மணலில் நின்றார். பின்னாலிருந்து ஒருவன், "இன்னாபா இது, பேஜாரா கீது" என்று முனகினான். "ஒரு நிமிசம் பொறுக்க மாட்டியா?" என்று இன்னொருவன் அவனை அதட்டினான். அதற்குப் பிறகு அலைச் சத்தம் மட்டும் இருந்தது. அங்கே அதைக் கேட்காதவர் ஒருவர்தான். அவர் இடுப்பில் கை வைத்து, அவசரமே இல்லாமல், முழுக் கரையையும் காக்க வைத்துக்கொண்டு நின்றார். நான் என் வாட்சைப் பார்த்தேன். அறுபது நொடி. என் வாழ்க்கையில் அதைவிடக் கம்பீரமான ஒரு நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. பெருமையில் என் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

அக்கா செல்லை எடுத்துப் போட்டு, மெஷினை மாட்டினார். கூந்தலைத் திரும்ப இழுத்து மூடவில்லை. கடல் பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டாயிரத்தி நானூறுல நிக்குது. நான் கேக்காத நேரத்துல எவனாவது கேட்டிருந்தா, இப்ப சொல்லு."

"ரெண்டாயிரத்தி ஐநூறு" என்றது பின் வரிசைக் குரல்.

"ஐநூத்தி அம்பது" என்றார் சம்பந்தம், கையை இன்னும் விரித்தபடி.

மேலே யாரும் கேட்கவில்லை. கூடை அவருக்கே போனது. முன்பு நஷ்டப்பட்ட அப்பாதுரை படகுக்குப் போய், அடுத்த கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். சம்பந்தத்தின் மச்சினனைத் தாண்டி நடந்து, அதை அக்காவின் காலடியில் இறக்கினார்.

"கூவுக்கா" என்றார்.